பாலையூற்றில் எனக்கொரு குப்பைமேடு

1

யோகட் கப் ஒன்றை எப்படி எறிய வேண்டும் என்று ஐம்பது வயது கடந்தபின் எனக்கு ஒருவர் பாடம் எடுத்தார். ஜேர்மனியில், ரைன் ஆற்றங்கரைச் சிறு நகரமொன்றில், நான் கால் நூற்றாண்டாகக் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் அது நடந்தது. பாடம் எடுத்தவர் கீழ்மாடியில் இருக்கும் ஹெல்கா. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையுறை போட்டிருந்தார். கப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

“மூடியை முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் இயந்திரத்துக்குப் பிரிக்கத் தெரியாது. இது உங்கள் வீட்டுக் கப்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மாம்பழச் சுவை,” என்றார்.

அந்தக் கட்டடத்தில் மாம்பழச் சுவை வாங்குகிறவர்கள் நாங்கள் மட்டும்தானாம். நாங்கள் கட்டி வைத்த மஞ்சள் பையை ஒருவர் அவிழ்த்து, நாங்கள் நக்கி முடித்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆனாலும் மன்னிப்புக் கேட்டேன். இந்த நாட்டு மொழியில் நான் பிழையில்லாமல் உச்சரிக்கும் சொல் அது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே காகிதத்துக்கு ஒரு தொட்டி, சமையல் கழிவுக்கு ஒரு தொட்டி, பிளாஸ்ரிக்குக்கு மஞ்சள் பை, ஒன்றிலும் சேராததற்குக் கறுப்புத் தொட்டி. கண்ணாடிப் போத்தலைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்கும். வந்த புதிதில் வீசா, வேலை, மொழி எல்லாவற்றையும் விட இந்தத் தொட்டிகளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

பதினேழு வயது மகள் ஆரபி ஹெல்காவின் பக்கம்தான் நின்றாள். “அவ சொல்றது சரிதானே அப்பா,” என்றாள். பிறகு ஜேர்மன் மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னாள். எனக்குப் பாதிதான் விளங்கியது.

அன்று பின்னேரமே என் ஊரான பாலையூற்றிலிருந்து அண்ணர் போன் எடுத்தார்.

“தம்பி, உன்ர காணிக்குப் பீ.எச்.ஐ. வந்தவர்.”

பீ.எச்.ஐ. என்றால் எங்கள் பக்கத்தில் சுகாதாரப் பரிசோதகர். அவர் ஒரு வீட்டுக்கு வந்தால் நல்ல சேதி இல்லை.

“காணி முழுக்கக் குப்பையாம். தண்ணி தேங்கி நுளம்புக் குடம்பி நெளியுதாம். பக்கத்து வீட்டு ரீச்சரின்ர பிள்ளைக்கு டெங்கு. அவதான் முறைப்பாடு குடுத்தவ. வழக்கு உன்ர பேரிலதான் வரும்.”

“என்ர காணியில எப்பிடிக் குப்பை வந்தது?”

“சனம் போடுது,” என்றார் அண்ணர், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

2

அந்தக் காணி அம்மா எனக்கு எழுதி வைத்தது. அண்ணரின் வீட்டு மதிலுக்கு மறுபக்கம். என் மனதில் அது நான்கு மூலையும் தெரிகிற வெறும் மணற்காணி. வயது போனபின் அங்கே ஒரு வீடு கட்டுவோம் என்று என் மனைவி வதனியிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். குளிர் காலங்களில் பேக்கரியில் மாவு மூட்டை தூக்கும்போது அந்த வீட்டின் அறைகளை மனதுக்குள் மாற்றி மாற்றி அமைப்பதுதான் என் பொழுதுபோக்கு.

வதனிக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் ஆரபியைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணர் வீட்டில் வந்து இறங்கிய மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் காணியைப் பார்க்கப் போனோம்.

கேற்றைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்து குப்பை அதைத் தள்ளிப் பிடித்திருந்தது. இடிந்த மதிலோரமாக ஏறிப் பார்த்தேன். மணல் எங்கும் இல்லை. கட்டி எறிந்த பைகள், அவற்றின்மேல் வேறு பைகள். குழந்தைகளுக்குக் கட்டிய பம்பஸ்கள் மழையில் ஊறிய பாணைப் போல உப்பிக் கிடந்தன. யாரோ கோழிக் கடைக்காரர் இறகையும் குடலையும் உர மூட்டையில் கட்டி எறிந்திருந்தார். மூட்டை வெடித்து அது முழுக்கப் புழு. உடைந்த மலசலகூடக் கொமெட் ஒன்று, சிரட்டைகள், பெண்கள் கடதாசியில் சுற்றி எறிந்தவை, அதைச் சுற்றி நாய்கள். ஒரு பழைய ரீவியின் கூட்டுக்குள் மழைத் தண்ணீர். அதில் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

ஆரபி மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள்.

அண்ணர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் நின்றார். “வெளிநாட்டுக்காரன்ர காணி எண்டா எல்லாரும் போடுவினம். இந்த ஒழுங்கையில மூண்டு காணி இப்பிடித்தான். ஒண்டு கனடாக்காரன்ர, மற்றது லண்டன்காரன்ர.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ அண்ணை?”

“சொல்லி நான் ஊருக்குப் பகையாகவோ?”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இந்த நாற்றத்துக்குள் இவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

3

குப்பை அள்ளும் உள்ளூர்ச் சபையின் கந்தோரில் முதலாவது ஆள் இரண்டாவது ஆளைக் காட்டினார். இரண்டாவது ஆள் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார்.

“தனியார் காணிக் குப்பையை நாங்கள் எடுக்க ஏலாது ஐயா.”

“அது வீதியில கிடந்தா?”

“வீதியில கிடந்தா எடுப்பம்.”

“அப்ப நான் அள்ளி வீதியில போட்டா?”

“அதுக்கு உங்களில வழக்குப் போடுவம்.”

அவர் பகிடி விடவில்லை. வெளியே வந்தபோது ஆரபி, “அவர் என்ன சொன்னவர்?” என்று கேட்டாள். சொன்னேன். “ஜேர்மனியிலயும் இப்பிடித்தானே சொல்லுவினம்,” என்றாள். உண்மைதான். கந்தோர்களுக்கு எந்த நாட்டிலும் மொழி ஒன்றுதான்.

பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தோம். எங்கள் நகரத்துக்குள் மான்கள் ஆட்டைப் போலத் திரியும் என்று ஆரபிக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருந்தேன். அவள் நம்பியதில்லை. அன்று கண்டாள். பெட்டிக்கடை வாசலில் ஒரு பெண்மான் நின்று எதையோ மென்றது. படம் எடுக்கப் போனவள் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஓடினாள். மானின் வாயிலிருந்து ஒரு பொலித்தீன் பையின் நுனி தொங்கியது. அதைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. எச்சிலும் பச்சை நீரும் வழிய, முழங்கை நீளத்துக்கு வந்து கையில் விழுந்தது. மான் ஓடவில்லை. அந்தப் பையைத் திருப்பித் தரச் சொல்லி அவள் பின்னால் வந்தது.

கடைக்காரர் சிரித்தார். “விடுங்கோ பிள்ளை. அதுகளுக்கு அது பழக்கம்.”

ஆரபி பையைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி தேடினாள். நகரத்தைக் கடக்கும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. வீடுவரை கொண்டுவந்தாள்.

4

ட்ரக்டர் வைத்திருக்கும் சசி என்பவரை அண்ணர் பிடித்துத் தந்தார். இரண்டு பேர் மண்வெட்டியால் அள்ளி ட்ரக்டரின் பின்பெட்டியை நிரப்பினார்கள். எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று சசியிடம் கேட்டேன்.

“அது ஏன் அண்ணை உங்களுக்கு? உங்கட காணியில இருந்து போனாச் சரிதானே.”

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டோ ஒன்றில் நானும் ஆரபியும் பின்னால் போனோம். ட்ரக்டர் நகரத்தைச் சுற்றிப்போய், உட்துறைமுகத் தண்ணீர் வந்து தேங்கும் சேற்றில் வளர்ந்த கண்டல் மரப் பற்றையடியில் நின்றது. அங்கே ஏற்கெனவே மலைபோலக் கிடந்தது. கண்டல் வேர்களில் கிழிந்த பைகள் துணி காயப்போட்டது போலத் தொங்கின. தண்ணீரில் ஒரு கொக்கு ஊறிய பம்பஸ் ஒன்றின்மேல் நின்று மீன் பார்த்தது. அப்பால், நீலத் தண்ணீரில், பெரிய கப்பல் ஒன்று அழகாக நின்றுகொண்டிருந்தது.

பெட்டி மெல்லச் சரிந்தது. முதல் மூட்டைகள் உருண்டு விழும்போதே ஆரபி ஓட்டோவிலிருந்து குதித்து, “ஹால்ட்! ஹால்ட்!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். சசிக்கு அது என்ன மொழி என்று விளங்கவில்லை. ஆனால் நிறுத்திவிட்டார். அவள் பெட்டிக்கு நேரே நின்றுகொண்டாள்.

“தங்கச்சி, விலத்துங்கோ! மேல கொட்டுப்படும்!”

“கொட்டக் கூடாது. கடல். இது கடல்!” அந்த அவசரத்தில் அவளுக்கு வேறு தமிழ் வரவில்லை.

சசி என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. “அண்ணை, எல்லாரும் இஞ்சதான் கொட்டுறது. சபைக் கிடங்குக்குக் கொண்டு போனா உள்ள விடமாட்டாங்கள். பிரிச்சுக் கொண்டு வா எண்டுவாங்கள். ஆர் இருந்து பிரிக்கிறது?”

நான் கண்டல் வேர்களைப் பார்த்தேன். பிறகு மகளைப் பார்த்தேன். “திருப்பிக் கொண்டு வாங்கோ,” என்றேன்.

விழுந்ததையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ட்ரக்டர் ஊரைக் கடந்து வந்தபோது ஒழுங்கையே வாசலில் நின்றது. போன குப்பை திரும்பி வருவதை அவர்கள் ஒருநாளும் கண்டிருக்க மாட்டார்கள். அண்ணர் தலையில் கை வைத்தார்.

“உனக்கென்ன விசரோ? சனம் சிரிக்குது.”

“சிரிக்கட்டும் அண்ணை. எறிஞ்சதும் அவைதானே.”

5

சசியின் ஆட்கள் கேற்றடியில் கொஞ்ச இடம் ஒதுக்கித் தந்தார்கள். அடுத்த நாள் முதல் நானும் ஆரபியும் விடியற்காலையில் காணிக்குள் இறங்கினோம். முகக்கவசம், கையுறை, ஒரு இரும்பு வாரி. மக்குவது ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம். கால் நூற்றாண்டு ஹெல்காவுக்குப் பயந்து பழகிய வேலை. கிண்ணியாவிலிருந்து லான்ட்மாஸ்டர் எனும் கை ட்ரக்டரில் பழைய சாமான் வாங்க வரும் றஹீம் நானா வந்து பார்த்தார். போத்தல், தகரம், மட்டை எல்லாவற்றையும் ஏற்றினார். மிச்சத்தைக் காலால் ஒதுக்கினார்.

“இந்தப் பையள், பம்பஸ், யோகட் கப் ஒண்டும் ஏலாது தம்பி. இதுகளை ஒருத்தரும் வாங்க மாட்டாங்க.”

யோகட் கப் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மூடி பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

“எங்கட மஞ்சள் பையில போறதும் எல்லாம் திரும்பக் கப் ஆகிறேல்லை அப்பா,” என்றாள் ஆரபி. “பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். கொஞ்சத்தை எரிக்கினம். கொஞ்சத்தைக் கப்பல்ல வேற நாட்டுக்கு அனுப்பினம்.”

“எந்த நாட்டுக்கு?”

“வாங்கிற நாட்டுக்கு.”

படிக்கட்டில் நின்று நான் மன்னிப்புக் கேட்ட அந்தக் கப், கழுவித் துடைத்து, எந்தத் துறைமுகத்தில் யாருடைய கண்டல் வேரில் சிக்கிக் கிடக்கிறதோ. அங்கே குப்பை கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் இத்தனை வருடம் சுத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இங்கே நான் வளர்ந்த காலத்தில் ஒழுங்கை துப்புரவாக இருந்தது என்று சொல்லிப் பெருமைப்படவும் வழியில்லை. யுத்தமும் தட்டுப்பாடுமாக இருந்த காலம் அது. பொலித்தீன் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டோம், ஜாம் போத்தலில் விளக்கு எரித்தோம். எறிய எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. கைக்குக் கிடைத்த அன்றே எறியத் தொடங்கிவிட்டோம்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, குனிந்து வாரிக்கொண்டிருந்த ஆரபியின் முதுகில் ஒரு பை வந்து விழுந்து வெடித்தது. மீன் குடலும் செதிலும் இரத்தத் தண்ணீரும் கழுத்தால் வழிந்தன. பை வந்தது ஒழுங்கைப் பக்கத்திலிருந்து இல்லை. அண்ணரின் மதிலுக்கு மேலால். நான் நிமிர்ந்தபோது வளையல் போட்ட ஒரு கை உள்ளே போவதைக் கண்டேன்.

அண்ணியின் கை.

நாங்கள் இன்னும் படுத்திருக்கிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குசினி வாசலில் நாங்கள் போய் நின்றதும் ஆரபியைக் கண்டு முதலில் பதறினார். பிறகு என் முகத்தைக் கண்டு நிமிர்ந்தார்.

“அண்ணி, நீங்களுமோ?”

“ஓம், நான்தான். என்ன செய்யச் சொல்றீங்கள்? குப்பை வாகனம் ஒன்பது மணிக்கு வரும். நான் ஏழரை பஸ்ஸில கடைக்கு வேலைக்குப் போயிடுவன். அண்ணர் அதுக்கு முதல் போயிடுவார். வாளியை வெளியில வைச்சா நாய் இழுத்துக் கொட்டும். பின்னேரம்வரை மீன் குடலைக் குசினிக்குள்ள வைச்சிருக்கிறதே?”

“அதுக்கு…”

“நான் எங்கட காணி எண்டுதானே எறிஞ்சனான். மற்றவையின்ர காணியில எறியேல்லையே.”

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அண்ணர் கோப்பையை வைக்கவும் இல்லை. மனைவி எறிவது அவருக்குத் தெரியும், தெரியாது, இரண்டும் அவருக்கு ஒன்றுதான். அந்த வீட்டில் அதன்பிறகு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

6

ரீச்சரின் பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டும் என்றது ஆரபிதான். எனக்குத் துணிவு இருக்கவில்லை. றெஜினா ரீச்சர் வீட்டிலேயே சிறுவர்களுக்குப் படிப்பிக்கிறவர். கணவர் கட்டாரில். ஆஸ்பத்திரி வார்ட்டில் நுளம்பு வலைக்குள் ஏழு வயது ஷெரின் கண்ணை மூடிக் கிடந்தாள். கையில் சேலைன். ரீச்சர் கட்டிலோடு ஒட்டி இருந்தார்.

ஆரபி வழியெல்லாம் ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். இணையத்தில் தேடி எடுத்ததாம். கைகளைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்:

“உங்கட மகளுக்காக எங்கட ஆழ்ந்த அனுதாபங்கள்.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரீச்சர் அவளை ஒரு கணம் வெறித்தார்.

“பிள்ளை உயிரோடதான் இருக்கிறா மகள்,” என்றார்.

ஆரபிக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் அவள் முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழத் தொடங்கி, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அண்டைக்கு இரத்த ரிப்போட் காட்டேக்க டொக்டர் ஒண்டும் பேசேல்லை. என்ர முகத்தையும் பாக்கேல்லை. இனி இல்லையெண்டுதான் நினைச்சனான்.”

ஷெரின் கண்ணைத் திறந்து, “ஏன் அம்மா சிரிக்கிறீங்கள்?” என்று கேட்டாள்.

கொஞ்சம் பொறுத்து ரீச்சர் என் பக்கம் திரும்பினார். “எனக்கு உங்களிலை கோவமில்லை. எத்தினை தரம் உங்கட அண்ணரிட்டச் சொன்னனான். தம்பியின்ர காணி, நான் என்ன செய்ய எண்டார். அதுதான் முறைப்பாடு குடுத்தனான். காணிக்கு ஒரு ஆள் வேணும் தம்பி. ஆளில்லாத காணியை வைச்சிருந்து என்ன செய்யப் போறீங்கள்?”

வீடு கட்டப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்ட்டில் அது கேட்க அருவருப்பாக இருக்கும் போலிருந்தது. சொல்லவில்லை.

7

நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். முகவரி கேட்டார்கள். சொன்னேன். பின்வாங்கில் யாரோ, “ஜேர்மனியில இருந்துகொண்டு இஞ்ச நுளம்பு வளர்த்திருக்கிறார்,” என்றார். சிரிப்பு எழும்பி அடங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன், தண்டம் கட்டினேன், வெளியே வந்தேன். கோழிக் கடைக்காரரை ஒருவரும் கூப்பிடவில்லை. கொமெட் எறிந்தவரையும் கூப்பிடவில்லை.

பிரித்த குப்பையைச் சசி இந்த முறை சபைக் கிடங்குக்கே கொண்டு போனார். உள்ளே விட்டார்கள் என்று அவரே ஆச்சரியப்பட்டார். காணியின் மண் கடைசியில் தெரிந்தபோது அது கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. நான் நினைத்து வைத்திருந்த மணல் அங்கே இல்லை.

ஷெரின் வீட்டுக்கு வந்த பிறகு கேற்றுக்குப் புதுப் பூட்டு வாங்கி, திறப்பை றெஜினா ரீச்சரிடம் கொடுத்தேன். சமையல் கழிவு மக்க ஒரு கிடங்கு வெட்டுவதாகவும், மிச்ச இடத்தில் மரவள்ளியும் பூசணியும் நடுவதாகவும் சொன்னார். நடுங்கோ, எங்களுக்கு இனி அங்கே வீடு வேண்டாம் என்றேன். வதனிக்குப் போனில் சொன்னபோது, “அந்த மண்ணில எனக்கும் இருக்க ஏலாது,” என்றாள்.

அண்ணருக்குத்தான் தாங்கவில்லை.

“கூடப் பிறந்த நான் பக்கத்தில இருக்க, உன்னைக் கோட்டுக்கு இழுத்தவளிட்டத் திறப்பைக் குடுத்திட்டாய். இனி என்ர வாசல் மிதிக்காதை.”

“உங்களிட்டத்தானே அண்ணை இவ்வளவு காலமும் காணி இருந்தது.”

நாங்கள் புறப்பட்ட அன்று வான் வண்டியில் பெட்டி ஏற்றும்போது அவர் அறைக்குள்ளேயே இருந்தார். இன்றுவரை என் போனை எடுப்பதில்லை. ஒரு குப்பைமேடு போய், ஒரு அண்ணரும் போனார். நாற்றம் ஒழுங்கையை விட்டுப் போனதோ தெரியாது, என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஆரபி இப்போது கடையில் பிளாஸ்ரிக்கில் சுற்றிய எதையும் வாங்க விடுவதில்லை. யோகட் கண்ணாடிப் போத்தலில் வருகிறது. போத்தலைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கிறோம்.

8

போன கிழமை அண்ணி போன் எடுத்தார். பஸ் இரைச்சல் கேட்டது. வேலைக்குப் போகும் வழியில் எடுத்திருக்கிறார்.

“தம்பி, ஒரு விசயம். காலமை போகேக்க எங்கட வாளியை ரீச்சரின்ர கேற்றடியில வைச்சிட்டுப் போறன். வாகனம் வரேக்க அவ குடுத்து விடுறா. மீன் குடலைத் தன்ர கிடங்குக்கு எடுக்கிறா. பின்னேரம் வரேக்க வாளி மதிலில கவிட்டுக் கிடக்கும்.”

“நீங்கள் கேட்டதோ?”

“இல்லை. நான் பழையபடி மதிலுக்கு மேலால எறியப் போகேக்க அவ அந்தப் பக்கம் நிண்டவ. இஞ்ச தாங்கோ எண்டு கையை நீட்டினா. எனக்கு வெக்கமாப் போச்சு. வாளியைக் கழுவித்தான் வைக்கிறா தம்பி. கழுவி.”

இவ்வளவுக்கும் ஒரு கை நீட்டல்தான் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு பிள்ளை சாவின் வாசல்வரை போய்வர வேண்டியிருந்தது.

“அண்ணருக்குத் தெரியுமோ அண்ணி?” என்று கேட்டேன்.

அண்ணி சிரித்தார். அதில் சந்தோசம் ஒன்றும் இருக்கவில்லை.

“உங்கட அண்ணர் எப்ப கேட்டவர், குப்பை எங்க போகுதெண்டு?”